யாருக்காக இந்த உடம்பு?

காரைக்கால் அம்மையார் தம் உடம்பைத் தாமே வேண்டி உதறியவர். அவர் பிறந்த ஊரில் மூட்டை தூக்கியோ வலை இழுத்தோ பிழைக்கும் ஒருவருக்கு, அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் ஒரு புடைப்பு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நின்றால் இறங்குகிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது, இருமினால் கையில் வந்து முட்டுகிறது. மருத்துவர் குடலிறக்கம் என்று எழுதுவார், ஊரில் ஹெர்னியா என்றே சொல்வார்கள். ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னால் முதலில் வருகிற பதில் பணத்தைப் பற்றியோ பயத்தைப் பற்றியோ இருக்கும். அதற்கும் அடியில் இன்னொரு பதில் கிடக்கிறது: வேகப்போகிற கட்டைக்கு இத்தனை சீராட்டு எதற்கு? சலிப்பில் சொல்வதுபோல் இருந்தாலும், இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு சமய மரபே நிற்பதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். உடம்பு நிலையில்லாதது, இழிந்தது, வினை கட்டிய மூட்டை. அதைப் பொருட்படுத்தாதவரே பக்குவம் அடைந்தவர் என்ற எண்ணம் அது. இது சைவத்துக்கு, அதிலும் அம்மையாரின் ஊருக்கு, உரிய எண்ணம்தானா? உரியதில்லை என்பது என் முடிவு. அதற்கான முதற்சான்று அம்மையாரின் கதையிலேயே இருக்கிறது.

பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் அந்தக் கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அதில் எதற்குப் பின் எது வருகிறது என்பதைத்தான் கவனிக்கத் தவறுகிறோம். கதை ஒரு பசியில் தொடங்குகிறது. அடியார் ஒருவர் பசியோடு வருகிறார். சோறு ஆகியிருக்கிறது, கறி இன்னும் ஆகவில்லை. கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை எடுத்துச் சோற்றோடு படைக்கிறார் புனிதவதியார் (பின்னாளின் காரைக்கால் அம்மையார் இவர்தான்). ஆனி மாதப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழாவின்போது காரைக்கால் வீதிகளில் மாடிகளிலிருந்து வீசப்படும் பழங்களெல்லாம் அந்த ஒரு கனியின் நினைவு. கறி ஆகட்டும், காத்திருங்கள் என்று ஒரு வயிற்றிடம் சொல்ல மனம் வராததே அந்த வரலாற்றின் தொடக்கம். பிறகு இரண்டாவது கனியின் அற்புதம், பரமதத்தனின் அச்சம், அவன் கப்பலேறிப் போய்ப் பாண்டிநாட்டில் வேறொரு மணம் செய்துகொள்வது என்று கதை நகர்கிறது. சுற்றத்தார் புனிதவதியாரை அங்கே அழைத்துப் போகிறார்கள். அவன் மனைவியோடும் மகளோடும் வந்து காலில் விழுகிறான். அப்போதுதான் அவர் வேண்டுகிறார்: இவனுக்கென்று இதுவரை தாங்கிய இந்தத் தசைச் சுமையைக் கழித்துவிட்டு, இறைவன் திருவடியைச் சூழ்ந்து நிற்கும் பேய்வடிவைத் தர வேண்டும் என்று. அவன் காணாமற்போயிருந்த காலமெல்லாம் அந்த வேண்டுதல் எழவில்லை. உடம்பின்மேல் உரிமை கொண்ட ஒருவர் அந்த உரிமையை விட்ட பிறகே எழுகிறது. உடம்பு இன்னொருவர் பொருட்டுத் தம்மிடம் இருக்கிற பொறுப்பு என்று அவர் கருதியிருந்தார். பொறுப்பு தீரும்வரை அதை இறக்கி வைக்க அவர் எண்ணவில்லை.

மனைவியின் உடம்பு கணவனுக்குச் சொந்தம் என்ற பழைய கருத்தைத்தானே இது சொல்கிறது, அதை இன்று எப்படி ஏற்பது என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை, ஏற்கச் சொல்லவும் இல்லை. கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, உடம்பு பிறரோடு பிணைந்தது என்ற அறிவை மட்டும். படகில் நாலு பேர் சேர்ந்து வலை இழுக்கும்போது ஒருவரின் இடுப்பு தளர்ந்தால் சுமை மற்ற மூவர்மேல் ஏறுகிறது. பிள்ளையின் படிப்புக் கட்டணமும் தாயின் மருந்துச் செலவும் அந்த இடுப்பின்மேல்தான் நிற்கின்றன. இந்த உரிமைகள் எதுவும் தீராமல், கட்டை வேகட்டும் என்று சொல்வதற்கு அம்மையாரின் துறவைத் துணைக்கு அழைக்க முடியாது. இன்னொரு தடை: எப்படியானாலும் அவர் தசையைச் சுமை என்றுதானே கருதினார்? ஆம். ஆனால் அதைக் கழித்தபின் அவருக்குக் கிடைத்ததும் ஓர் உடம்புதான். அந்தப் பேயுடம்பு கயிலைக்குத் தலையால் நடந்தது. 143 பாடல்களைப் பாடியது. திருவாலங்காட்டில் நடனத்தைக் கண்டு நின்றது. திருமூலரும் உடம்பை முன்னர்க் குற்றமுடையது என்று எண்ணியிருந்து, பின்னர் உள்ளே பரம்பொருள் குடியிருப்பதைக் கண்டு அதைப் பேணத் தொடங்கியதாகச் சொல்கிறார். உடம்பை வெறுப்பது சைவத்தில் வழியில் வருகிற ஒரு கட்டம். அதிலேயே நின்றுவிட்டவர்கள் பெரியோர் வரிசையில் குறைவு.

சரி, குடலிறக்கம் என்பது என்ன? வயிற்றுச் சுவரின் தசையில் நலிந்த ஓர் இடம் விலகி, அதன் வழியே உள்ளிருக்கும் கொழுப்போ குடலோ பிதுங்கி வருவது. தொடை இடுக்கில் வருவதே மிகுதி. ஆண்களில் ஏறக்குறைய 27 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 3 விழுக்காட்டினருக்கும் வாழ்நாளில் எப்போதாவது இது வரலாம். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கருவறையில் இருக்கிறது. ஆண் சிசுவின் விரைகள் முதலில் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முன் அடிவயிற்றுச் சுவரைக் கடந்து கீழே இறங்குகின்றன. இறங்கிய வழி பிறகு மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு முழுதாக மூடுவதில்லை; மூடினாலும் அந்த இடம் மற்ற இடங்களைப்போல் உறுதியாக இருப்பதில்லை. தம் கட்டி மூட்டை தூக்குவது, ஆண்டுக்கணக்கான இருமல், மலச்சிக்கலில் முக்குவது, வயது, பரம்பரையாக வரும் இழைத்தளர்ச்சி எல்லாம் பின்னால் வந்து சேர்கின்றன. நாற்பது ஆண்டு மூட்டை தூக்கியும் இது வராதவர்கள் இருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்த்து வந்தவர்களும் இருக்கிறார்கள்.

பிறப்பதற்கு முன்பே விழுந்த நலிவு என்றால் அது முன்வினைதானே என்ற கேள்வி இங்கே எழும். சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. இந்தப் பிறவியில் நுகர்ந்தே தீர்க்க வேண்டியது பிராரத்தம். நுகர வேண்டியதை அறுத்துத் தைத்து விலக்குவது தகுமா? இந்த வாதத்தில் ஒரு வழுக்கல் இருக்கிறது. நமக்கு விதித்தது நோய் மட்டும்தான், மருத்துவம் விதியில் இல்லை என்று நமக்கு யார் சொன்னது? ஊசி குத்துவதும், கத்தி படுவதும், கடன் வாங்குவதும், ஒரு மாதம் வேலையில்லாமல் இருப்பதும் நுகர்ச்சி இல்லையா? வினையின் எல்லை எது என்பது முயன்று பார்த்த பிறகுதான் தெரியும். முயல்வதற்கு முன்னே எல்லை கட்டுகிறவர் விதியைத் தாமே எழுதிக்கொள்கிறார். ஊழுக்கு ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார், மருந்துக்கும் எழுதியிருக்கிறார். ஒன்றை ஒன்று அழிக்கும் என்று அவர் கருதவில்லை.

திருநாவுக்கரசர் இந்த விவாதத்தில் பெரிய சாட்சி. அவருடைய திருமுறை தொடங்குவதே வயிற்று வலியில். சூலை நோய் வந்து, இருந்த மடத்தில் யாராலும் தீர்க்க முடியாமல், தமக்கை திலகவதியாரிடம் வந்து, திருவதிகையில் அவர் பாடியது வலியைப் பொறுத்துக்கொள்கிறேன் என்ற பாட்டன்று. குடலை முறுக்கும் வேதனை தாங்கவில்லை, தீர்த்துவிடு என்ற முறையீடு. வலியை மறைப்பதும் வலிக்கவில்லை என்று நடிப்பதும் பக்தியின் அடையாளம் என்று அவர் நினைக்கவில்லை. நோய் அவர் செய்த குற்றத்தால் வந்தது என்று அவரே நம்பினார். அப்படி நம்பியும் தீர்வு கேட்டார். தீர்த்தவர் இறைவன்தானே, மருத்துவர் இல்லையே என்று சொல்வோருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். தமக்கையின் கையிலிருந்த திருநீற்றை அவர் தள்ளவில்லை. உதவி ஒரு மனிதக் கையின் வழியே வந்தது. அடுத்து அவர் கையில் ஏறியது உழவாரப்படை: கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கும் கருவி. மரபு சொல்லும் 81 வயது வரை அந்த உடம்பு குனிந்து நிமிர்ந்து வேலை செய்தது. நலம் பெற்ற வயிற்றை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதில்தான் அந்த நோய்க்குப் பொருள் கிடைக்கிறது.

தத்துவத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு, அதை நாம் தத்துவமாக மாற்றிப் பேசுகிறோம்: வெட்கம். புடைப்பு இருக்கும் இடம் அப்படி. மனைவியிடம்கூடச் சொல்லாமல், வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கடையில் ஹெர்னியா பெல்ட் வாங்கி அழுத்தி வைத்துக்கொண்டு ஆண்டுகள் ஓடுகின்றன. விரைவீக்கம், யானைக்கால் என்று பெயர் கட்டிவிடுவார்களோ என்ற அச்சமும் சேர்கிறது. பெல்ட் அடைப்பதில்லை, அமுக்கி வைக்கிறது, அவ்வளவே. இந்த ஊரின் அம்மையாரோ வற்றிய மார்பையும் எழுந்து நிற்கும் நரம்பையும் குழிந்த வயிற்றையும் பெயர் சொல்லிப் பாடியவர். அந்தப் பேய்களில் தம்மையும் ஒருவராக வைத்து, காரைக்கால் பேய் என்று கையெழுத்திட்டவர். உடம்பை உள்ளபடி பார்த்து உள்ளபடி சொல்லும் துணிவு அவரிடம் இருந்தது. மருத்துவரின் முன் வேட்டியைத் தளர்த்தி, இங்கே என்று காட்டுவதற்கு அதில் நூற்றில் ஒரு பங்கு போதும்.

காரைக்காலை அடுத்து மேற்கே திருநள்ளாறு. சனி பகவானின் சன்னதிக்கு நாடெங்கிலுமிருந்து கூட்டம் வருகிறது. நள தீர்த்தத்தில் முழுகித் துன்பம் கழிந்ததாக நிறைவடைகிறார்கள். ஏழரைச் சனி முடியட்டும், அப்புறம் கத்தி வைக்கலாம் என்ற பேச்சும் இந்தப் பகுதியில் இயல்பு. இதை மூடநம்பிக்கை என்று தூக்கி எறிவது எளிது, ஆனால் ஆய்வு சொல்வது அதைவிட நுட்பமானது. தொந்தரவு இல்லாத அல்லது மிகக் குறைந்த குடலிறக்கம் உள்ள 720 ஆண்களை வைத்து வட அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு அறுவை. மறு பாதிப் பேர் கண்காணிப்போடு காத்திருந்தார்கள். ஆயிரம் பேர் ஓராண்டு காத்திருந்தால் அவசரச் சிக்கலுக்கு ஆளாவோர் இரண்டு பேருக்கும் குறைவு என்று தெரிந்தது. அவர்களையே தொடர்ந்து பார்த்து 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, காத்திருந்தவர்களில் சுமார் 68 விழுக்காட்டினர் பத்தாண்டுக்குள், பெரும்பாலும் வலி கூடியதால், தாமே அறுவைக்கு வந்துவிட்டார்கள். ஆகவே, வலியில்லாத ஆணுக்கு, மருத்துவர் பார்த்துச் சொல்லியிருந்தால், நல்ல நாள் பார்ப்பதில் தீங்கு இல்லை. ஆனால் நாளைத்தான் தள்ளிப்போட முடிகிறது, முடிவை அல்ல. இந்தச் சலுகை எல்லோருக்கும் இல்லை. பெண்களுக்குத் தொடைப் பக்கம் வரும் குடலிறக்கம் எளிதில் இறுகும், அதற்குக் காத்திருப்பு ஆகாது. வெளியே வந்தது உள்ளே போகாமல் கல்லாக இறுகி, வலி ஏறி, வாந்தி வந்து, காற்றும் மலமும் பிரியாமல் நின்றுவிட்டால் பஞ்சாங்கத்தைத் திறக்க நேரமில்லை. ரத்த ஓட்டம் நின்ற குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அந்தச் சில மணி நேரத்தில் மருத்துவமனையின் வாசலுக்குப் போவதுதான் வழிபாடு.

அறுவையில் நடப்பதை அறிந்துகொண்டால் அச்சம் பாதி குறையும். பதினாறாம் நூற்றாண்டு பிரான்சில் ஊர் ஊராகத் திரிந்த கத்திக்காரர்கள் குடலிறக்கத்தோடு விரையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். அம்புரோஸ் பாரே என்ற பெரிய அறுவை மருத்துவர் அதைக் கண்டித்தார். காயத்தைக் கட்டியது தாம், ஆற்றியது கடவுள் என்பதே அவருடைய நிலை. 1880களில் இத்தாலியின் பதுவா நகரில் பாசினி, தசை அடுக்குகளை முறையாக இழுத்துத் தைக்கும் வழியைக் கண்டார். இழுத்துத் தைத்த இடம் விறைத்து நிற்பதால் வலியும் மறுபடி விலகுவதும் இருந்தன. இன்று வழக்கமாக, விலகிய இடத்தின்மேல் பாலிபுரொப்பிலீன் வலை ஒன்றை வைத்துப் பொருத்துகிறார்கள். உடம்பு அந்த வலைக்கண்களுக்குள் தன் இழைகளை வளர்த்து அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். காரைக்கால்மேட்டிலும் கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் கிழிந்த வலைக்கு மேல் வலை வைத்துப் பொத்துகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்நியப் பொருளை உடம்புக்குள் வைப்பதா என்று கூசுவோரும், விலை கேட்டு அஞ்சுவோரும் ஒரு செய்தியை அறிய வேண்டும். மகாராஷ்டிரத்தின் தொண்டாயிச்சா என்ற சிற்றூரில் ரவீந்திரநாத் தோங்காவ்கர் என்ற மருத்துவர், கொசுவலைத் துணியைக் கிருமிநீக்கம் செய்து ஏழைகளுக்கு வைத்துத் தைத்தார். அவர் காட்டிய வழி உகாண்டாவில் 302 ஆண்களிடம் முறையாகச் சோதிக்கப்பட்டது. ஓராண்டுக்குப் பிறகும் விலை கூடிய வலைக்கும் இதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2016இல் வெளியானது. எளியவரின் உடம்பும் செப்பனிடத் தகுந்தது என்று ஒரு சிற்றூர் மருத்துவர் நம்பியதில் நான் காண்பது, அடியாருக்கு இருந்ததைப் படைத்த அந்த மாங்கனியின் மனம்தான்.

பொதுவாக முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்து, தொடை இடுக்கில் சில அங்குலக் கீறலோடு முடிக்கிறார்கள். முழு மயக்கத்தில் மூன்று சிறு துளைகள் வழியே செய்வதும் உண்டு. அன்று மாலையோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்வார்கள். சிறுநீர் கழிப்பது சிலருக்கு முதல் இரவில் சிரமமாக இருக்கும். விரைப்பை கறுத்து வீங்கலாம்; பழைய இடத்திலேயே நீர் கோத்து ஒரு கட்டி தெரிந்து, திரும்ப வந்துவிட்டது என்று கலங்க வைக்கலாம். பெரும்பாலும் சில வாரங்களில் அது தானே வற்றும். இருமும்போது காயத்தின்மேல் கையை வைத்துக்கொள்ள வேண்டும். மலம் இறுகக் கூடாது. பத்தியம் என்று கீரையையும் பழத்தையும் விலக்கி, முக்க வைத்து, தைத்த இடத்தைச் சோதிப்பது நம் வீடுகளின் பழைய தவறு. காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி ஆகியவை தெரிந்தால் உடனே திரும்பிப் போக வேண்டும். மாதக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டும் என்பதும் தவறு. உடம்பு ஒத்துக்கொள்ளும் அன்றாட வேலையை மூன்று முதல் ஐந்து நாளிலேயே தொடங்கலாம் என்று 2018இன் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. மூட்டைக்கும் வலைக்கும் நம் மருத்துவர்கள் நாலு முதல் ஆறு வாரம் கேட்கிறார்கள்.

அந்த ஆறு வாரம்தான் பலருக்குக் கத்தியைவிடக் கடினம். உழைத்துத் தேய்வதே கண்ணியம் என்று வாழ்ந்தவருக்கு, திண்ணையில் உட்கார்ந்து மனைவி குடம் தூக்குவதைப் பார்ப்பது அவமானமாகப் படுகிறது. ஓய்வைச் சோம்பல் என்று சொல்லும் குரல் வெளியிலிருந்தும் வரும், உள்ளேயிருந்தும் வரும். வள்ளுவர் மருத்துவத்துக்கு நாலு உறுப்புச் சொன்னபோது நோயாளி, மருத்துவன், மருந்து என்பதோடு உடனிருந்து பார்ப்பவரையும் சேர்த்தார். உடனிருப்பவர் ஓர் உறுப்பு என்றால், அவர் உதவியை ஏற்றுக்கொள்வது நோயாளியின் கடமையில் ஒரு பகுதி. இதுவரை மற்றவர்களுக்காகத் தாங்கிய உடம்பை, சில வாரம் மற்றவர்கள் தாங்குகிறார்கள். கொடுக்கத் தெரிந்தவர் பெற்றுக்கொள்ளவும் பழக வேண்டும். அடியாருக்குச் சோறிட்ட புண்ணியத்தில் பாதி, உட்கார்ந்து உண்ட அடியாருக்கும் உரியது என்றே நான் நினைக்கிறேன்.

மருத்துவமும் எல்லாவற்றையும் வாக்களிப்பதில்லை. அறுத்துக்கொண்டவர்களில் பத்து முதல் பன்னிரண்டு விழுக்காட்டினருக்கு மாதங்கள் கடந்தும் குறிப்பிடத்தக்க வலி நிற்கிறது. தழும்பைச் சுற்றி மரத்துப்போவதும் உண்டு. சிலருக்கு மறுபடியும் இறங்குகிறது. அப்படியானால் நம்பி என்ன பயன் என்று கேட்பவருக்கு என் பதில்: பொறுப்பு என்பதற்கு உத்தரவாதம் தேவையில்லை. விதைக்கிற டெல்டா விவசாயி காவிரி வருமா என்று உறுதி வாங்கிக்கொண்டா விதைக்கிறார்? மருத்துவரிடம் இந்த எண்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எனக்கு எது பொருந்தும் என்று விசாரித்து, பிறகு சம்மதிப்பதே சரியான எதிர்பார்ப்பு. முழுதும் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் எதுவும் தீராது என்ற விரக்தியும் ஒரே சோம்பலின் இரண்டு பெயர்கள்; இரண்டுமே கேள்வி கேட்கும் உழைப்பைத் தவிர்க்கின்றன.

காரைக்காலில் அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. 2016இலிருந்து ஜிப்மரின் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. குடலிறக்க அறுவை பொது அறுவை சிகிச்சையின் அன்றாட வேலைகளில் ஒன்று; அதற்காகச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாட்கள். வலை வைத்துத் தைத்த இடம் ஆறுவதற்குக் கேட்கும் ஆறு வாரம் அதற்குள் அடங்கும். தொடை இடுக்கில் புடைப்பை மறைத்துக்கொண்டு இதை வாசிப்பவர் யாராவது இருந்தால், தடைக்காலம் வருமுன் ஒரு நாள் போய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.